வெள்ளிக்கிழமை ஐயாயிரம் குறையும்

"ஆசானே, விலை எப்ப குறையும்?"

இன்னாசியின் கேள்வி இது. மூன்று வருஷமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆசான் என்றதும் தாடியைத் தேட வேண்டாம். ஜெனோவாவுக்கு முப்பத்தி நாலு வயசு. தூத்துக்குடியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்தாள். டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் கன்சோல் வியாபாரம். எந்தக் கன்சோல் எந்த மாசம் விலை இறங்கும் என்று அவள் சொன்னால் இறங்கும். கம்பெனிக்காரனுக்கே அதற்கப்புறம்தான் தெரியவரும் என்று ஊரில் பேச்சு.

இன்னாசிக்கு நாற்பத்தி மூன்று. துறைமுகத்தில் லாரிகளுக்கு எடை போடும் வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் நேரே கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். அவரை யாரும் சிஷ்யனாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவராகவே சேர்ந்துகொண்டார்.

"ஆசானேன்னு கூப்பிடாதீங்கண்ணே. கஸ்டமர் சிரிக்காவ."

"சிரிக்கட்டும். எப்ப குறையும்?"

ஜெனோவா பதில் சொல்ல மாட்டாள். ஒரு கன்சோல் பெட்டியை எடுத்து அவர் மடியில் வைப்பாள். அவ்வளவுதான் பாடம்.

முதல் வருஷம் பெட்டியின் அடியில் அச்சடித்திருக்கும் மாசத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார். மாசம் பழசாக இருந்தால் சரக்கு எங்கேயோ தேங்கிக் கிடக்கிறது.

இரண்டாம் வருஷம் ஒரு பெட்டியோடு கேம் ஒன்று இலவசமாக வந்தது. இன்னாசி ஸ்டூலைவிட்டே எழுந்துவிட்டார்.

"இலவசமா ஒண்ணு குடுக்கான்னா, விலையைக் குறைக்க வெக்கப்படுதான்னு அர்த்தம். சரியா?"

ஜெனோவா டீ சொன்னாள். அன்றைக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

மூன்றாம் வருஷம் இன்னாசி சொன்னதெல்லாம் பலித்தது. கடையின் வாட்ஸப் குழுவில் முந்நூறு பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சொன்னால் அப்பீலே கிடையாது என்று எழுதினார்கள்.

இத்தனைக்கும் அவர் வீட்டில் ஒரு கன்சோல் கிடையாது. சிரிக்காதீர்கள், கதை அங்கேதான் இருக்கிறது.

அவர் இந்த வித்தைக்குள் இறங்கியதே தம்பி தொம்மைக்காகத்தான். தொம்மை சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஒன்பது மாசம் கடல், ஒரு மாசம் வீடு. ஒவ்வொரு லீவிலும் வந்து இறங்கியதும் கேட்பான்.

"அண்ணே, ஒண்ணு வாங்கிருவமா? சேந்து ஆடலாம்."

"பொறுலே. அடுத்த லீவுக்குள்ள விலை இறங்கிரும்."

இறங்கத்தான் செய்தது. ஆனால் இறங்கின விலை இன்னும் இறங்கும் என்று இன்னாசிக்குத் தெரிந்துபோகிறதே! தெரிந்த பிறகு எப்படி வாங்குவார், பாவம்.

இந்த லீவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. சாயங்காலம் ரயில். இந்தத் தடவை ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாறவேண்டும், ஊருக்குத் திரும்ப ஒன்றரை வருஷம் ஆகும் என்று தொம்மை சொல்லியிருந்தான்.

செவ்வாய்க்கிழமை இன்னாசி கடைக்குள் நுழையும்போதே கத்தினார்.

"வெள்ளிக்கிழமை! ஐயாயிரம்!"

"எப்படிச் சொல்லுதீங்க?" என்றாள் ஜெனோவா.

"எப்பவும் நம்ம போனை எடுக்காத டீலர் நேத்து அவனா மூணு தடவை கூப்பிட்டான், எத்தனை பெட்டி வேணும்னு. பெட்டியில எட்டு மாசத்துக்கு முந்துன தேதி. இலவச கேம் ஒண்ணு இருந்தது ரெண்டாயிட்டு. வெள்ளிக்கிழமை ஒண்ணாந்தேதி."

ஜெனோவா ஒரு பெட்டியைத் திருப்பி அடியிலிருந்த தேதியைப் பார்த்தாள்.

"எனக்கும் அதேதாண்ணே தோணுது."

இன்னாசிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று வருஷம் ஸ்டூலில் தேய்ந்தது வீண்போகவில்லை.

"அப்ப பாடம் முடிஞ்சிட்டா?"

"ஒண்ணு பாக்கி."

அலமாரியிலிருந்து ஒரு கன்ட்ரோலரை எடுத்து அவர் கையில் வைத்தாள். கன்சோல் பெட்டிக்குள் ஒரு கன்ட்ரோலர்தான் வரும். கூட ஒரு ஆள் ஆட வேண்டுமென்றால் இன்னொன்று தனியாக வாங்க வேண்டும். அந்த இன்னொன்று இது.

"இது என்ன விலை?"

"ஐயாயிரத்து எண்ணூறு. தீபாவளிக்கு ஐயாயிரத்துக்கு வந்துரும்."

"தப்பு."

"எப்படித் தப்பு? பெட்டியிலயே போட்டிருக்கானே!"

"வீட்டுக்குப் போயி யோசிச்சிட்டு வாங்கண்ணே."

இன்னாசிக்கு முகம் தொங்கிப்போனது. உச்சி குளிர்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி மூக்கறுக்கிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

வீட்டில் தொம்மை பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். கருவாட்டுப் பொட்டலத்தை நாலு பாலிதீன் பையில் சுற்றி, வேட்டிக்கு நடுவில் செருகினான்.

"தொம்மை, வெள்ளிக்கிழமை ஐயாயிரம் குறையுதுலே! ஆசானே ஒத்துக்கிட்டா."

தொம்மை நிமிர்ந்து சிரித்தான்.

"நல்லதுண்ணே. வாங்கி வச்சிரு. அடுத்த லீவுல ஆடுவோம்."

கோபமாகச் சொல்லவில்லை. கிண்டலாகவும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது திட்டியிருக்கலாம்.

மறுபடி பெட்டியின் மேல் குனிந்தான். காதோரம் நரைத்திருந்தது. லீவு முழுக்க ஒரே வீட்டில் இருந்தும் இன்னாசி அதை அப்போதுதான் பார்த்தார். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

புதன்கிழமை காலையில் ஜெனோவா ஷட்டரைத் தூக்கும்போது இன்னாசி வாசலில் நின்றார்.

"கன்சோல் ஒண்ணு எடுங்க."

"அண்ணே, நாளன்னிக்கு ஐயாயிரம் குறையும்."

"தெரியும்."

"நீங்கதான் சொன்னீங்க."

"நாந்தான் சொன்னேன். சீக்கிரம் எடுங்கம்மா."

ஜெனோவா பெட்டியை இறக்கினாள். அதன்மேல் நேற்றைய கன்ட்ரோலரை வைத்தாள்.

"இது என்ன விலைன்னு இன்னும் சொல்லலியே?"

"விலையத் தெரிஞ்சுக்கிட்டு இப்ப என்ன செய்ய? சேத்து பில்லப் போடுங்க. மூணு நாள் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். அவன் அங்க வீட்டுல ஒத்தையில உக்காந்திருக்கான்."

ஜெனோவா பில்லைக் கிழித்துக் கொடுத்தாள். அவர் பெட்டியை மாரோடு அணைத்துக்கொண்டு, பாக்கிச் சில்லறையைக்கூட வாங்காமல் ஆட்டோவுக்கு ஓடினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விலை இறங்கியது. வாட்ஸப் குழு கொண்டாடித் தீர்த்தது. முந்நூறு பேரும் அண்ணனைத் தேடினார்கள். அண்ணனைக் காணோம்.

ஜெனோவா நாலு தடவை போன் பண்ணினாள். ஐந்தாவது தடவை எடுத்தார்.

"அண்ணே, குறைஞ்சிட்டு! அதே வெள்ளிக்கிழமை, அதே ஐயாயிரம்! ஒத்தை ரூபா கூடக்குறைய இல்ல!"

"அழுகுணி ஆட்டம் ஆடுதியேண்ணே! போனை வச்சிட்டு ஆடு!" என்று பின்னாலிருந்து தொம்மை கத்தினான்.

"இருலே, வாரேன்!" என்றார் இன்னாசி.

பிறகு போனில் கேட்டார்.

"எதும்மா குறைஞ்சிட்டு?"