சுவிட்ச் இல்லாத மண்டபம்

புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டிய பரமசிவ அண்ணாச்சி, வாயால் சொன்னால் எரியும் விளக்குகளை வாங்கினார். “சுவரில் ஒரு சுவிட்சுகூட இருக்கக் கூடாது” என்று எலெக்ட்ரீஷியன் இசக்கியம்மாளிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

முதல் கல்யாணத்தில், மாப்பிள்ளை தாலியை எடுக்கும்போது கரண்ட் போய் வந்தது. விளக்குகளோ அண்ணாச்சியின் உத்தரவுக்காக இருட்டிலேயே காத்திருந்தன. “எரி! எரி!” என்று அவர் கத்தியது கெட்டிமேளத்தில் எடுபடவில்லை.

“மேளத்தை நிறுத்துங்க!” என்றார் அண்ணாச்சி.

“தாலி கட்டுற நேரத்துலயா?” என்று பெண்ணின் அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

இசக்கியம்மாள் மேடைத் திரைக்குப் பின்னால் கையை விட்டாள். மண்டபம் பளிச்சென்றது. தாலியும் ஏறியது.

“வேண்டாம்னு சொல்லியும் சுவிட்ச் வச்சியா?” என்று அண்ணாச்சி பாய்ந்தார்.

“உங்க விளக்குக்குக் காது கொஞ்சம் மந்தம், அண்ணாச்சி. அதான் தொட்டுக் கூப்பிட ஒரு வழி வச்சேன்.”

அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “எல்லா ரூமுக்கும் அதுல ஒண்ணு போட்டிரு, தாயி” என்றார்.