பசை காயும் முன்

மில்வாக்கி நகரத்தில் ஏரிக்கரைத் தெருவில் இருந்தது ரிட்னரின் மரச்சாமான் பட்டறை. ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்து அவர் தொடங்கியது. மனைவி மெருகு போட்டாள். மகள்கள் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னினார்கள்.

மனைவியின் தம்பி கோன்ராட், ஆலை வேலை போனபின் ஐம்பதாவது வயதில் அவரிடம் தொழில் கற்க வந்தவர். கோன்ராடின் மகன் எமிலும் கூடவே வந்தான். வீட்டில் ரிட்னரை ‘நீ’ என்பார் கோன்ராட். பட்டறை வாசலைத் தாண்டிவிட்டால் ‘நீங்கள், மைஸ்டர்’ — ஜெர்மன் மொழியில் ஆசான்.

அன்று கோன்ராட் ஓர் அலமாரிக் கதவைக் கோத்துக்கொண்டிருந்தார். சட்டத்தின் உள்பக்கம் தானே வெட்டிய காடிப் பள்ளத்தில் நடுப்பலகையைச் செருகி, நாலு ஓரமும் பசை வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

எமில் டென்வருக்குப் போய்த் தனியாகப் பட்டறை போடப்போகிறானாம். பத்து வருடம் இங்கேயே இருப்பதாக அவனிடம் இந்தத் தாளில் எழுதி வாங்க வேண்டும். மாமா நீங்கள் கேட்டால் மறுக்கமாட்டான் என்றார்.

ரிட்னர் தாளைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார்.

“பலகைக்கு எதற்குப் பசை?”

“இல்லாவிட்டால் ஆடும், மைஸ்டர்.”

ரிட்னர் அவரைப் பின்னறைக்கு அழைத்துப்போனார். ஆணிப் பெட்டிகள் அடுக்கிய பழைய அலமாரி ஒன்று அங்கே நின்றது. அதன் கதவுப்பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது.

“இதற்கு என் வேலையே தேவலை. எந்தப் புண்ணியவான் செய்தது?” என்றார் கோன்ராட்.

“நான்தான். இந்த ஊருக்கு வந்த வருடம். ஆடக்கூடாது என்று பசை வைத்தேன். குளிர்காலம் வந்தது, அடுப்பு மூட்டினோம். மரம் காய்ந்து சுருங்கப் பார்த்தது. பசை விடவில்லை.”

கோன்ராட் பிளவில் விரலை வைத்தபடி நின்றார். விரல் உள்ளே போனது.

பிறகு வேகமாகத் திரும்பி வந்தார். பசை இன்னும் காயவில்லை. சட்டத்தைத் தட்டிக் கழற்றினார். ஓரங்களைத் துடைக்கத் துணி தேடினார். அகப்படவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதை மடித்துத் துடைத்தார்.

பலகையைப் பசையில்லாமல் செருகி, கதவை மறுபடி கோத்து, நிமிர்த்தி அசைத்தார். உள்ளே லேசாக லொடலொடத்தது.

“ஆடுகிறதே, மைஸ்டர்.”

ரிட்னர் குனிந்து, சட்டத்தின் உள்விளிம்பில் விரலை ஓட்டினார்.

“ஆடும். விழாது. காடியை நீ ஆழமாகத்தான் வெட்டியிருக்கிறாய்.”