மொச்சை ஏறிய பலகை

இந்தக் கதையைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இதில் வரும் அத்தையைத் திட்டிவிட்டு எழுந்து போவார்கள். நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள்.

சீர்காழிப் பக்கம் ஞானசம்பந்தம் என்று ஒருவர். அவர் மனைவி கோமளவல்லி படுத்த படுக்கையானாள். அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் மொச்சை என்ற பூனை. படுத்திருப்பவளுக்கு அறையின் உயரமான ஜன்னலில் கொய்யா மரத்தின் தலைதான் தெரியும். பூனையோ தரையில் விளையாடும். ஆகவே அவர் தோட்டத்தில் மூங்கில் நட்டு, கயிறு சுற்றி, மரத்திலிருந்து ஜன்னல்வரை பலகை பலகையாக ஏற்றிக் கட்டினார். நடுவில் ஒரு கொட்டாங்குச்சியைத் தொங்கவிட்டார். சுத்தியல் பிடித்தறியாத கை. இரண்டு விரல் நசுங்கியது. மொச்சை தாவித் தாவி ஏறும், கொட்டாங்குச்சியை அடிக்கும், கடைசியில் ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து அவள் காலடியில் சுருண்டுகொள்ளும். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக அவர் மிச்ச விரல்களையும் கொடுத்திருப்பார்.

கடைசி நாட்களில் அவள் சொன்னாள்: "நான் போனப்புறம் மொச்சை வந்தா ஜன்னலத் தொறந்து விடுங்க. அதக் காக்க வெக்காதீங்க."

அவர் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அவள் இறந்தது சதய நட்சத்திரத்தில். அதில் உயிர் பிரிந்தால் அடைப்பு என்பார்கள். இறந்த அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். திறந்தால் வீட்டுக்கு ஆகாது. வீட்டிலோ மகள் பூங்கோதை ஏழு மாதக் கர்ப்பிணி. ஞானசம்பந்தத்தின் அக்கா தையல்நாயகி ஜன்னலைச் சாத்தி, அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அவ போய்ட்டா தம்பி. வயித்துல இருக்கறதையாவது காப்பாத்து."

ஜாதகமே பார்க்காமல் கோமளவல்லியைக் கட்டிக்கொண்ட ஞானசம்பந்தம் அன்று சாவியைக் கேட்கவில்லை.

மொச்சை வந்தது. மூடிய ஜன்னலுக்கு முன்னால் கடைசிப் பலகையில் உட்கார்ந்து கத்தியது. ஞானசம்பந்தம் பால் கிண்ணத்தோடு கீழேயே கிடந்தார்; அது குனிந்தும் பார்க்கவில்லை. மீன் வாசனையே ஆகாத தையல்நாயகி மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் வாங்கி வந்து வைத்தாள். அதையும் தொடவில்லை. பூனை எலும்பும் தோலுமானது.

"வழி இருக்கப்போய்த்தானே ஏறுது?" என்று அழுதுகொண்டே தையல்நாயகி கயிற்றை அறுத்தாள், சுத்தியலால் தட்டிப் பலகைகளைக் கழற்றினாள். மொச்சை கொய்யாக் கிளையிலிருந்து ஜன்னலுக்குத் தாவிக் கீழே விழுந்து, நொண்டிக்கொண்டே மறுபடி மரமேறப் போனது.

பூங்கோதை சாவி கேட்டாள். அத்தை தரவில்லை. பூங்கோதையே கீழே கிடந்த சுத்தியலை எடுத்துப் பூட்டை உடைத்து, ஜன்னலைத் திறந்தாள். பூனையைத் தூக்கி வந்து கட்டிலில் விட்டாள். மெத்தை இல்லாத கட்டில். மொச்சை தலைமாட்டை முகர்ந்தது, கால்மாட்டை முகர்ந்தது. ஒரு முறை கத்தியது. பிறகு கதவு வழியாக நொண்டிக்கொண்டே வெளியேறிப் போனது. அந்தத் தோட்டத்துக்கு அது திரும்பி வரவே இல்லை.

"பாத்தியாடி, அதுவும் போச்சு" என்றாள் அத்தை.

வாக்குக் கொடுத்தும் ஜன்னலை மூடியே கிடக்க விட்டார் ஒருவர். ஏறும் வழியைப் பிரித்துத் துயரத்தை நிறுத்தப் பார்த்தாள் ஒருத்தி. பூட்டை உடைத்தாள் இன்னொருத்தி. மூவரும் அழுதவர்கள்தாம். சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி? பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்; பூட்டை உடைத்தபோது அது பூங்கோதைக்கும் தெரியாது.

விடை: பூங்கோதை செய்ததே சரி. வழியைப் பிரித்தாலும் கதவை அடைத்தாலும் காத்திருப்பு தீராது. இனி இல்லை என்று கண்ணால் கண்டால்தான் தீரும். அடைப்பை மீறும் ஆபத்தும் அவளுடையது. பிள்ளைத்தாச்சியே துணிந்த பிறகு தடுக்க மற்றவர்கள் யார்? தையல்நாயகியை நான் குறை சொல்ல மாட்டேன், அவள் நம்பியதைச் செய்தாள். ஞானசம்பந்தத்துக்கு நட்சத்திரத்தில் என்றைக்கும் பயமிருந்ததில்லை. அவருக்குப் பயம் அந்த வெறுங்கட்டில். பூட்டு உடைந்தது, ஆறு மாதமும் கழிந்தது. அவர் இன்னும் அந்த அறைக்குள் போகவில்லை.