பழ ஈயின் கண் சிவந்த கதை

அந்தக் காலத்தில் பூச்சிகளுக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுத்தான். எறும்பு வழி கேட்டால் மனிதர் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். காக்கை கூரையில் உட்கார்ந்து அடுத்த ஊர் வம்பையெல்லாம் கொட்டிவிட்டுப் பறக்கும். அப்போது சாமையும் கேழ்வரகும் விளைகிற ஒரு மலையின் கீழூரில் வெள்ளச்சி என்று ஒருத்தி இருந்தாள். தோப்பி வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தானியத்தைக் கூழாக்கி வீட்டிலேயே புளிக்க வைக்கும் கள்ளுக்குத்தான் அந்த மலையில் தோப்பி என்று பேர்.

கேழ்வரகை ஊற வைத்து, துணியில் முடிந்து முளைகட்டுவாள். முளையை வெயிலில் காயப்போட்டு, திரித்து, சாமைக் கஞ்சியில் கரைப்பாள். கஞ்சி ஆறியதும் ஒரு பழைய சுரைக்குடுக்கையில் ஊற்றி மூலையில் வைத்துவிடுவாள். அவள் வேலை அதோடு முடிந்தது. அதற்கப்புறம் குடுக்கைக்குள் வேறு யாரோ வேலையைத் தொடங்குவார்கள். முதலில் சத்தமே இருக்காது. பிறகு மெல்ல ஒரு முணுமுணுப்பு. அப்புறம் குபுகுபுவென்று நுரை. இனித்த கஞ்சி போதை ஏறுகிற கள்ளாகிவிடும்.

"உள்ளே இருக்கிறது யாருங்க?" என்று புருஷன் கூத்தனைக் கேட்பாள்.

"யாரா இருந்தா என்ன புள்ள? வேலை நடக்குதில்ல?" என்பான் அவன்.

வெள்ளச்சிக்கு அது போதாது. காதைக் குடுக்கையில் ஒட்ட வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பாள். அணிலைக் கேட்டாள், தெரியாது என்றது. எலியைக் கேட்டாள். "எனக்கு ருசிதான் தெரியும், ஆளைத் தெரியாது" என்றது எலி.

கூத்தனுக்கு இருந்தது வேறு ஆசை. கையில் ஒரு சாமான் கிடைத்தால் அதைவிட நல்லதாக இன்னொன்று செய்து பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. கள்ளை வடிக்க மூங்கிலில் சல்லடை பின்னிக் கொடுத்தான். கிளற நீளமான துடுப்பு செதுக்கினான். குடுக்கையை மட்டும் மாற்ற வெள்ளச்சி விடவில்லை. அது விரிசல் விட்டு, தேன்மெழுகால் ஒட்டுப்போட்டு, உள்ளே வண்டல் படிந்து கறுத்துக் கிடந்தது.

அந்த மலையில் மேலூர் என்று இன்னொரு ஊர் இருந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரே ஊற்று. வெயில் காலத்தில் தண்ணீருக்காக அடிதடி வரும், மண்டை உடையும். ஒரு தரம் மேலூர்க்காரன் ஒருவன் கீழூர்க் கல்யாணத்தில் குடித்துவிட்டுப் போய், காய்ச்சல் கண்டு செத்துப்போனான். கள்ளில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று மேலூரில் பேச்சு எழுந்தது. அன்றிலிருந்து இரண்டு ஊருக்கும் முகம் பார்க்கிற உறவுகூட இல்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஊற்று நூலாக இளைத்தது. சண்டை போட்டால் இரண்டு ஊரும் சாகும் என்று இரு பக்கத்துக்கும் புரிந்துவிட்டது. கீழூர்த் தலைவன் இராக்கன் மேலூருக்கு ஆள் அனுப்பினான். ஊற்றடியில் இரண்டு ஊரும் கூடி, ஒரே பானையில் மொண்டு குடித்து, சமாதானம் பேசுவதென்று முடிவாயிற்று.

"தோப்பி நீதான் வைக்கணும்மா. அத்தனை பேருக்கும் ஒரே பானையில" என்றான் இராக்கன் வெள்ளச்சியிடம்.

சுரைக்குடுக்கை ஒரு வீட்டுக்கே பத்தாது. இரண்டு ஊருக்கு எங்கே போக? கூத்தனுக்கு மட்டும் கொண்டாட்டம் தாளவில்லை. ஓடைக்கரைக் களிமண்ணைக் கொண்டுவந்து, மிதித்து, பிசைந்து, ஒரு ஆள் உள்ளே இறங்கி உட்காரலாம் போல ஒரு மிடா வனைந்து சுட்டெடுத்தான். உள்ளே வழவழவென்று தேய்த்து மெழுகேற்றினான். அடியில் துளையிட்டு, கள்ளைத் திறந்துவிட மூங்கில் குழாய் பொருத்தி, அதற்கு ஒரு கட்டைத் தக்கையும் செருகினான். வாய்க்குக் கச்சிதமாக ஒரு மூடியும் செய்தான்.

"பாத்தியா? காத்துக்கூட நுழையாது" என்று மூடியைத் தட்டிக் காட்டினான்.

வெள்ளச்சி மிடாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, கொதிநீர் விட்டு அலசி, கூழ் ஊற்றி மூடினாள். மறுநாள் காதை வைத்துக் கேட்டாள். சத்தமில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூடியைத் திறந்தால் கூழ் ஊற்றினபடியே தித்திப்பாக, அசையாமல் கிடந்தது.

அவள் கூத்தனைக் கூப்பிட்டாள். "குடுக்கையில இருந்த ஆளு இதுல இல்லீங்க" என்றாள்.

"அவ்வளவு அழகா செஞ்சிருக்கேன், வந்து இருக்கறதுக்கு என்ன கேடு?" என்றான் கூத்தன், மனம் நொந்து.

வெள்ளச்சி பழைய குடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாயையே பார்த்தபடி உட்கார்ந்தாள். அப்போதுதான் அதைக் கவனித்தாள். எள்ளைவிடச் சின்னதாக ஒரு ஈ குடுக்கையின் விளிம்பில் உட்கார்ந்து காலைக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தது. இத்தனை காலமும் அது அங்கேதான் இருந்திருக்கும். அவள்தான் தூசி என்று ஊதித் தள்ளியிருப்பாள்.

"உள்ளே வேலை செய்யறது நீதானா?" என்று கேட்டாள்.

"நானில்லைக்கா" என்றது ஈ. "என் காலில் ஒட்டிக்கிட்டு வர்றவங்க. கண்ணுக்குத் தெரியமாட்டாங்க. பழுத்து வெடிச்ச அத்திப்பழத்துல குடியிருப்பாங்க. நான் அங்கே உக்காந்துட்டு இங்கே வந்தா, என்கூடவே வந்து உன் கூழுக்குள்ள எறங்கிடுவாங்க."

"எறங்கி?"

"தித்திப்பைத் திம்பாங்க. தின்னுட்டு மூச்சு விடுவாங்க. நீ கேக்கறியே குபுகுபுன்னு, அது அவங்க மூச்சு."

வெள்ளச்சி குடுக்கையைத் தூக்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். "எத்தனை பேரு? அவங்களுக்குள்ள பேசிக்குவாங்களா? தூங்குவாங்களா?"

"எனக்கும் அதைத் தெரிஞ்சுக்கத்தான் ஆசை" என்றது ஈ. "வாசல்வரைக்கும் கொண்டுவந்து விடறேன். உள்ளே போய்ப் பாத்ததில்லை."

"எங்க மிடாவுக்கும் கொண்டுவந்து விடுவியா? ரெண்டு ஊரு பொழைக்கும்."

ஈ மிடாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. "விடறேன். ஆனா அந்த மூடியைப் போடக் கூடாது. மூச்சு வெளியே போகணும். அந்த வாசனைதான் எனக்குச் சோறு. வாய் எப்பவும் தொறந்திருக்கும்னு வாக்குக் குடு."

வெள்ளச்சி வாக்குக் கொடுத்தாள். ஈ அத்தி மரத்துக்கும் மிடாவுக்குமாக அன்று பொழுது சாயும்வரை பறந்தது. அடுத்த நாள் காதை வைத்தபோது, மிடாவின் ஆழத்திலிருந்து அந்த முணுமுணுப்பு கேட்டது. கூத்தனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அவன் காதையும் வைக்கச் சொன்னாள். அவன் முதல்தடவையாக வாயைத் திறக்காமல் கேட்டான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் மேலூரிலிருந்து ஒருவன் வந்தான். மேலூர்த் தலைவர் தொட்டன் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருந்தார். பானையை மூடி, மண் பூசி, அதன்மேல் மேலூர் ஆள் கைத்தடம் பதிக்க வேண்டும். மறுநாள் இரண்டு தலைவர்களும் சேர்ந்துதான் திறக்க வேண்டும். நடுவில் யார் கை பட்டாலும் மேலூர் ஒரு சொட்டுக் குடிக்காது.

"வாயை மூடறதில்லைன்னு வாக்குக் குடுத்திருக்கேனுங்க" என்றாள் வெள்ளச்சி.

"யாருக்கு?" என்றான் வந்தவன்.

"ஒரு ஈக்கு."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கூத்தன் அவளைத் தனியே கூட்டிப்போனான். "ஒரு நாள்தானே புள்ள. ஈகிட்ட நாளைக்கு மன்னிப்புக் கேட்டுக்கலாம். சமாதானம் போச்சுன்னா யாருகிட்டக் கேக்கறது?"

வெள்ளச்சி ஈயைத் தேடினாள். அத்தி மரத்தடியில் கூப்பிட்டுப் பார்த்தாள், குடுக்கையின் விளிம்பில் பார்த்தாள். காணோம். மனசில்லாமல் தலையாட்டினாள். கூத்தன் மூடியைப் பொருத்தினான். மேலூர்க்காரன் ஈரமண் பூசி, தன் கையை அழுத்திப் பதித்தான். அப்படியே நாலு பேர் மிடாவைத் தூக்கிப்போய் ஊற்றடி மரநிழலில் வைத்தார்கள்.

மறுநாள் வெயில் ஏறியதும் கீழூர் முழுக்க ஊற்றடியில் வந்து உட்கார்ந்தது. மேலூர்க்காரர்கள் சரிவில் இறங்கி வருவது தெரிந்தது. எல்லார் கையிலும் தடி. சமாதானத்துக்கு வருகிறவர்கள் என்று அவர்களைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. வெள்ளச்சி பழக்கத்தால் மிடாவில் காதை வைத்தாள். குபுகுபு நின்று, வேறொரு சத்தம் கேட்டது. உறுமல் மாதிரி. அதற்கு நடுவே நூலிழை போல ஒரு குரல்.

"அக்கா… அக்கா…"

"நீயா? உள்ளேயா இருக்கே!"

"அவங்களைப் பாக்கலாம்னு வந்தேன்… வாசலை மூடிட்டே… மூச்சு முட்டுதுக்கா."

வெள்ளச்சி நிமிர்ந்தாள். மேலூர்க்காரர்கள் பாதிச் சரிவில்தான் இருந்தார்கள். கூத்தனுக்கும் விஷயம் புரிந்தது. "கொஞ்சம் பொறு. இதோ வந்துட்டாங்க" என்று அவள் கையைப் பிடித்தான். அவள் மறுபடி காதை வைத்தாள். குரல் இன்னும் மெலிந்திருந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

அவள் கையை உதறிக்கொண்டு பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்தாள். இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கைத்தடத்தின் மேலேயே ஓங்கிப் போட்டாள். மண் பிளந்தது. மூடி தானாக எகிறி மரக்கிளையில் மோதி விழுந்தது. நுரை ஆளுயரத்துக்குப் பீறிட்டு அவள் முகத்தையும் கூத்தன் முகத்தையும் நனைத்தது.

மேலூர்க்காரர்கள் ஓடி வந்தார்கள். தொட்டன் உடைந்த மண்ணைப் பார்த்தார். "நாங்க வர்ற வழியிலேயே தொறந்துட்டியா? என்ன போட்டே உள்ள?"

"ஒண்ணும் போடலீங்க. உள்ள ஒரு ஈ மாட்டிக்கிச்சு."

"ஈயாம்!" என்று பின்னால் ஒருவன் கத்தினான். தடிகள் உயர்ந்தன. கீழூர்க்காரர்களும் எழுந்துவிட்டார்கள். இராக்கன் நடுவில் புகுந்து கையை விரித்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் மிடாவின் விளிம்பில் ஏதோ தள்ளாடி ஏறியது. இரண்டு அடி வைத்தது, சரிந்தது, மறுபடி ஏறியது. இறக்கையை உதறிப் பறக்கப் பார்த்து, நேராகப் போய்த் தொட்டனின் மூக்கு நுனியில் விழுந்து ஒட்டிக்கொண்டது. நேற்றுவரை கறுத்திருந்த அதன் கண்ணிரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"விஷமா?" என்றது ஈ, நாக்குக் குழற. "யாரு சொன்னா விஷம்னு? நேத்துக் காலையிலேர்ந்து இதுலதான் நீந்தறேன். இதைத்தான் குடிக்கறேன். நான் செத்தா போயிட்டேன்? இல்ல, செத்தா போயிட்டேன்னு கேக்கறேன்!"

தொட்டன் மூக்கின்மேல் அதைப் பார்க்க முயன்றதில் அவர் இரண்டு கண்ணும் நடுவுக்கு வந்துவிட்டன. மேலூர்ப் பக்கம் ஒரு கிழவர் முதலில் சிரித்தார். கீழூரில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் யார் சிரிக்கிறார்கள், யார் சிரிக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தொட்டன் மட்டும் சிரிக்காமல் நின்றார். ஈயை விரலில் ஏற்றி இறக்கிவிட்டு, வெள்ளச்சியின் நனைந்த முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டு ஊரு சமாதானத்தையும் விட்டுட்டு இதைக் காப்பாத்தினியா?"

"வாக்கு மீறினது நானுங்க" என்றாள் வெள்ளச்சி. "அதுக்கு அது ஏன் சாகணும்?"

தொட்டன் மிடாவின் பக்கம் குனிந்தார். அடியில் இருந்த தக்கையைப் பிடுங்கி, குழாய்க்குக் கீழே தன் கையைக் குவித்து, எல்லாருக்கும் முன்னால் முதல் வாயைக் குடித்தார். இராக்கன் அவருக்கு அடுத்துக் குடித்தான். காலையில் மேலூரும் மாலையில் கீழூரும் ஊற்றில் தண்ணீர் எடுப்பதென்று, மிடா காலியாவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள்.

வெள்ளச்சி ஈயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அவங்களைப் பாத்தியா? எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

"ஒரே இருட்டுக்கா" என்றது ஈ, கண்ணைத் தேய்த்துக்கொண்டே. "ஒருத்தரையும் பாக்கலை. ஆனா எல்லாரும் பாடிக்கிட்டிருந்தாங்க."

மரத்திலிருந்து ஒரு சருகு மிடாவுக்குள் விழுந்தது. கூத்தன் தன் மூடியைக் கையிலெடுத்துப் பார்த்தான், ஈயைப் பார்த்தான், மூடியைக் கீழே வைத்தான். தலைத்துண்டை அவிழ்த்து மிடாவின் வாய்க்குக் கட்டினான். "மூச்சு இதுல போகுமா?" என்று கேட்டான்.

"போகும் மாமா" என்று ஈ துணியின்மேல் உட்கார்ந்துகொண்டது. "அடி வண்டலை மட்டும் தேய்ச்சுக் கழுவிடாதீங்க. அவங்க இனிமே அங்கேயே இருந்துக்குவாங்க."

அன்று முதல்தான், கள் புளிக்கிற பானையின் வாயை யாரும் மண் பூசி மூடுவதில்லை, துணியால் கட்டுகிறார்கள். பழ ஈக்கும் அந்தக் கண் சிவப்பு இன்றுவரை தெளியவில்லை. எந்த வீட்டில் எது புளிக்கத் தொடங்கினாலும், மனிதர் மூக்குக்கு எட்டும் முன்னால் அது வந்து துணியின்மேல் உட்கார்ந்து, உள்ளே நடக்கிற பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.