சபூராவோட மிட்டாய் டப்பா

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. எந்த ஊருன்னு நடுவுல கேட்டா கதை கோவிச்சுக்கிட்டுப் போயிரும், ஆமா. நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணுமேன்னு முழிச்சுக்கிட்டுக் கிடக்காம போர்வையை இழுத்துப் போத்திக்கோ. அத்தை சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். சரியா?

"ம்."

அந்தப் பொண்ணு பேரு வான்மதி. மூணாங்கிளாஸ். கொஞ்ச நாளா அவளுக்கு ஒரே தாகம். மடக்கு மடக்குன்னு தண்ணி குடிப்பா, திடுதிடுன்னு பாத்ரூமுக்கு ஓடுவா. ஆளும் துரும்பா இளைச்சுட்டா. அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா டாக்டர் சொன்னார், உடம்புக்குள்ள சர்க்கரைக்குக் கதவு திறந்துவிடுற ஆளு வேலையை விட்டுப் போயிட்டான், இனிமே அவன் வேலையை ஊசி பாத்துக்கும்னு. சுருக்! எறும்பு கடிச்ச மாதிரி, அவ்வளவுதான். போகும்போது பாட்டு மாதிரி ஒண்ணு சொல்லியும் குடுத்தார். "ஏறினா ஊசி, இறங்கினா மிட்டாய்."

உனக்கும் தெரியும்ல இந்தப் பாட்டு?

"ம்."

அப்புறம் அவங்கம்மா அவளைப் பள்ளிக்கூடத்துல கொண்டு போய் விட்டாங்க. எஸ்தர் டீச்சர்கிட்ட எல்லாத்தையும் முழுசா விளக்கிச் சொன்னாங்க. ஆனா மத்தவங்ககிட்ட, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கிற அவசரத்துல, பாதிதான் சொன்னாங்க. "பிள்ளைக்குச் சுகர். யாரும் இனிப்பு குடுத்துராதீங்க!"

போச்சு! பள்ளிக்கூடமே காவலுக்கு நின்னுச்சு. அதுல பெரிய காவல்காரி யாருன்னா, அவ பக்கத்துல உக்கார்ற சபூரா. யாருக்காவது பிறந்தநாள்னா கலர் டிரெஸ் போட்டுக்கிட்டு வந்து ஆரஞ்சு மிட்டாய் குடுப்பாங்கல்ல? வான்மதி முன்னாடி மிட்டாயை நீட்டினா போதும், சபூரா கை லபக்குன்னு வந்துரும். வாங்கி ஒரு தகர டப்பாவுல போட்டு மூடிருவா. டப்! அதுல ஒண்ணைக்கூட அவ திங்க மாட்டா. "எல்லாத்தையும் உங்கம்மாகிட்ட ஒப்படைச்சுருவேன்டி"ம்பா. அவ நடந்தா டப்பா கலகல கலகலன்னு கூடவே பேசிக்கிட்டு வரும்.

வான்மதிக்கு இதெல்லாம் ஒரே வெக்கம். விரல்ல குத்திச் சர்க்கரை பாக்கணும்னா டீச்சர் ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டுத்தான் பாப்பா. என்னடி பண்றேன்னு கேட்டா "ஒண்ணுமில்ல"ன்னு ஓடிருவா. ரோஷக்காரி, உன்னை மாதிரியே.

அப்போ ஒரு நாள் எஸ்தர் டீச்சர் லீவு. கோகோ ஆடுற ஆசையில வான்மதி மதியச் சாப்பாட்டைப் பாதியில மூடி வெச்சுட்டா. குடுகுடுன்னு ஓடுறா, ஓடுறா... திடீர்னு கை வெடவெடன்னு நடுங்குது. உடம்பு வேர்த்து ஊத்துது. வயிறு கபகபங்குது. பள்ளிக்கூடமே தட்டாமாலை சுத்துது. என்ன ஆச்சு, சொல்லு?

"ம்... இறங்கிருச்சு."

அப்படிப் போடு! சர்க்கரை இறங்கிருச்சு. உடனே இனிப்பு வாயில விழணும், இல்லேன்னா அவ மயங்கி விழுந்துருவா.

முதல்ல ஓடிப்போய் பையில குளுக்கோஸ் பாக்கெட்டைத் தேடினா. எடுத்தா காலி! நாக்குல போட்டா ஜில்லுன்னு இருக்குன்னு கிளாஸ் பசங்க இன்டர்வெல்லுக்கு இன்டர்வெல் நக்கியே தீத்துட்டானுங்க, வாலுங்க.

அப்புறம் பையைத் தூக்கிக்கிட்டு, டீச்சர்களுக்கு டீ போடுற மாரியக்காகிட்ட போனா. "அக்கா, கொஞ்சம் சீனி குடுங்கக்கா."

"ஆத்தாடி! உங்கம்மா அன்னிக்கு அவ்வளவு சொல்லிட்டுப் போனாங்க. உனக்குச் சீனி குடுத்தா என்னைச் சும்மா விடுவாங்களா? போ கண்ணு, போய்த் தண்ணி குடி." டமார்னு சீனி டின்னை மூடிருச்சு அந்தம்மா.

அப்புறம் தள்ளாடித் தள்ளாடி வேப்பமரத்தடிக்கு வந்தா. அங்க கலகல கலகலன்னு சத்தம். சபூரா!

"மிட்டாய் குடுடி."

"ஊஹூம். குடுக்க மாட்டேன்னு உங்கம்மாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

டப்பா முதுகுக்குப் பின்னாடி போயிருச்சு. பிரியத்துலதான் ஒளிக்கிறா, பாவம். வான்மதிக்குக் கண்ணைக் கட்டுது. பயந்துட்டா, ரொம்பப் பயந்துட்டா. வெக்கமாவது மண்ணாவதுன்னு, எல்லாரும் பாக்க, அங்கேயே தரையில உக்காந்து பையிலேர்ந்து கருவியை எடுத்தா. விரல்ல குத்தினா. டொக்! ஐம்பத்தாறு.

"பாருடி... ரொம்ப இறங்கிருச்சு. எங்கம்மா உன்கிட்ட பாதிதான் சொன்னாங்க. ஏறினா ஊசி. இறங்கினா மிட்டாய். இப்போ மிட்டாய்தான்டி எனக்கு மருந்து."

சபூரா நம்பரைப் பாத்தா. நடுங்குற விரலைப் பாத்தா. "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னடி, கழுதை!"ன்னு கத்திக்கிட்டே டப்பாவைத் திறந்து, பல்லால காகிதத்தைப் பிச்சு, ஒவ்வொண்ணா அவ வாயில போட்டா. கடக் மொடக், கடக் மொடக். அவ அழுதுக்கிட்டே ஊட்ட, இவ அழுதுக்கிட்டே மெல்ல, விளையாட்டு சாரும் ஓடி வந்துட்டார்.

கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் டொக்! ஏறிருச்சு. நடுக்கம் நின்னுச்சு. பாதியில வெச்ச சாப்பாட்டை சபூரா பக்கத்துல உக்காந்து மிரட்டியே திங்க வெச்சா.

மறுநாள்லேர்ந்து அந்த டப்பா எஸ்தர் டீச்சர் மேஜை மேல. மாரியக்காகிட்டயும் ஒண்ணு. மீதிப் பாதியைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது யாரு? வேற யாரு, சபூராதான்.

என்ன, "ம்"மைக் காணோம்? எங்கே, விரலைக் காட்டு. டொக். நல்லா இருக்கு. தலைமாட்டுல கையை வை. என்ன இருக்கு? ஆட்டிப் பாரு.

கலகல கலகல.

ரெண்டு டப்பா. ஒண்ணு உன் பைக்கு. இன்னொண்ணு உன் பக்கத்துல உக்கார்றாளே, அந்த ஷெர்லிக்கு. குடுக்கும்போது நீயே முழுசா சொல்லிக் குடு, செல்லம். பாதி சொல்லாதே.

"...ம்."

கதை டப்பாவுக்குள்ள போய் மூடிக்கிச்சு. நீயும் கண்ணை மூடு.