கன்று வளர்த்த பூதம்

முன்னொரு காலத்திலே, கடல் இப்போதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தபோது, செம்பாறை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜாவுக்கு மரம் நடுவதென்றால் உயிர். வருஷா வருஷம் மேளதாளத்தோடு ஆயிரம் கன்று நடுவார், மாலையும் கழுத்துமாக அரண்மனைக்குத் திரும்புவார், அத்தோடு சரி. பாதியை வெயில் தின்னும், மீதியை ஆடு தின்னும். ஒதுங்க ஒரு நிழல் கிடையாது.

அந்த நாட்டில் ஓர் ஊர்ப் பெண் வெள்ளச்சி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டும்போது மூடி போட்ட செம்புக் குடம் ஒன்று அகப்பட்டது. திறந்தாள். பனைமர உயரத்துக்கு ஒரு பூதம் எழுந்து நின்றது.

"வேலை குடு, இல்லேன்னா விழுங்கிடுவேன்" என்றது.

கிணறு வெட்டச் சொன்னாள். கண் மூடித் திறப்பதற்குள் வெட்டிவிட்டு, "வேலை குடு, இல்லேன்னா விழுங்கிடுவேன்" என்றது. ஊர்வரை பாதை போடச் சொன்னாள். அதையும் முடித்துவிட்டு, வாயைத் திறந்துகொண்டே வந்து, "வேலை குடு, இல்லேன்னா விழுங்கிடுவேன்" என்றது. வெள்ளச்சி சுற்றுமுற்றும் பார்த்தாள். அன்று காலைதான் ராஜா நட்டுப் போன நாவற்கன்றுகள் கண்ணில் பட்டன. அதில் ஒன்றை வளர்த்துத் தனக்கு ஒரு பழம் கொண்டுவரச் சொன்னாள்.

பூதம் சிரித்தது. சீக்கிரம் வளரட்டும் என்று ஒரு கன்றின் நுனியைப் பிடித்து இழுத்தது, வேரோடு வந்துவிட்டது. அடுத்ததற்குக் கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் கொட்டியது, வேர் அழுகிவிட்டது. மூன்றாவதை வெயில் படாமல் உள்ளங்கையால் பொத்தியே வைத்தது. அது வெளுத்துச் செத்தது. மலையைப் புரட்டுகிற பூதம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டது.

"கொஞ்சம் நீ செய்யி, மிச்சத்தைக் கன்னு பாத்துக்கும்" என்றாள் வெள்ளச்சி.

அதற்குப் பிறகு நாலாவது கன்றை அது வளர்த்த அழகை என்னவென்று சொல்வேன்! சுற்றிலும் முள்வேலி கட்டியது. அடியில் சிறு துளையிட்ட பானையைப் பக்கத்தில் புதைத்து, வேருக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டது. மண் காயாமல் சருகு பரப்பியது. கழி ஊன்றி, தண்டு இறுகாதபடி தளர்வாகக் கட்டியது. அத்தனை பெரிய விரலால் அந்த ஒரு முடிச்சைப் போட அதற்கு முழுப் பொழுதும் ஆனது. ஒரு துளிர் விட்டால் போதும், ஊரையே கூப்பிட்டுக் காட்டும்.

வெள்ளச்சிக்கோ உள்ளூரப் பயம். பழம் வந்தால் வேலை முடியும். வேலை முடிந்தால் அவள் கதையும் முடியும்.

ஒரு கோடையில் கிணறு வற்றி, பூதம் தண்ணீர் தேடித் தூரம் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு வேலியைப் பிய்த்துத் தலையை நீட்டியது. தின்னட்டும் என்று விட்டிருந்தால் அவளுக்கு ஆயுள் கூடியிருக்கும். அவளோ ஓடிப்போய் ஆட்டைத் துரத்தி, வெறுங்கையால் முள்ளை இழுத்து அடைத்தாள். திரும்பி வந்த பூதம் அவள் கையில் ரத்தத்தைப் பார்த்தது.

"விட்டிருந்தா நீ பொழச்சிருப்பியே?"

"அதெல்லாம் எங்க யோசிச்சேன்? கன்னு போயிடுமேன்னு ஓடியாந்தேன்."

பூதம் போய்ப் பானையை நிரப்பியது.

வருஷங்கள் போயின. மரம் காய்த்தது. பூதம் முதல் பழத்தைக் கொண்டுவந்து வெள்ளச்சி கையில் வைத்தது. கொடுப்பதற்கு அவளிடம் வேறு வேலை இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"தின்னுட்டுக் கொட்டையைத் தூர எறிஞ்சிடாதே வெள்ளச்சி. அதை நான் நடணும்" என்றது பூதம்.

சொன்ன மாத்திரத்தில் பனைமர உயரம் சரசரவென்று இறங்கி, அங்கே ஓர் இளைஞன் நின்றான். நினைத்ததெல்லாம் நொடியில் நடக்க வேண்டும் என்று ஊரைப் பாடாய்ப் படுத்திய இளவரசன் அவன். யாரும் சொல்லாமல் தானாக ஒரு வேலையைச் செய்ய விரும்பும்வரை பூதமாகவே அலை என்று ஒரு மந்திரவாதி சபித்திருந்தான்.

அந்தக் கொட்டைக்குக் குழி வெட்ட இளவரசனுக்கு மத்தியானம்வரை பிடித்தது. அவன் முடிக்கும்வரை வெள்ளச்சி நாவல் நிழலில் உட்கார்ந்து, பயமில்லாமல், நிதானமாகப் பழத்தைத் தின்றாள்.