பச்சைக் கலர்

சங்ககிரியில் வள்ளிநாயகி மேஸ்திரியின் லாரிப் பட்டறையில் ஒரு சீடர் இருந்தார். பெயர் சென்னியப்பன். குருவைவிடப் பதினோரு வயது மூத்தவர். வாயும் கொஞ்சம் நீளம்.

ஒரு காலத்தில் அவரே லாரி முதலாளி. ஐந்து வருடம் முன்பு அந்த லாரியின் இன்ஜின் ஓசூர் ரோட்டில் நின்றுபோனது. ஓட்டிப் போயிருந்தவர் மாரப்பன். சென்னியப்பன் போய்ப் பார்த்தபோது ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊர் திரும்பியதும் லாரி ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால், "தண்ணி பாக்காம ஓட்டி என் இஞ்சினைக் கொன்னுட்டான்" என்று கத்தி, மாரப்பனிடமிருந்து சாவியைப் பிடுங்கினார். இன்ஜினைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வண்டியை இரும்புக்கடைக்குத் தள்ளிவிட்டார். இரண்டு வருடம் புலம்பித் தீர்த்துவிட்டு, இன்ஜின் வேலை கற்க இங்கே வந்து சேர்ந்தார்.

இன்று அவர் தனியாகப் பூட்டிய முதல் இன்ஜின் வெளியே போகிறது. மதியம் கிளம்பி, திம்பம் மலை ஏறி, மைசூர் போக வேண்டும். வழியில் நின்றால் சங்ககிரியில் அப்புறம் யாரும் அவரிடம் ஒரு போல்ட்டை முடுக்கக்கூடக் கொடுக்க மாட்டார்கள். இது போதாதென்று, வண்டியை எடுக்க வருகிற டிரைவர் அதே மாரப்பன்.

இன்ஜின் சூடாகாமல் இருக்க ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றுவது மட்டும்தான் பாக்கி.

"மேஸ்திரி, எந்தக் கூலன்ட்டுங்க நல்லாக் குளிர வைக்கும்? மாரப்பன் கையில போற இஞ்சினு. அவன் காய விட்டாலும் தாங்கோணும்."

"நீங்க எதை எடுத்து வெச்சிருக்கறீங்கண்ணா?"

"பச்சைங்க. இதுல முன்னாடி இருந்ததும் பச்சை. பச்சைக்குப் பச்சை, சேப்புக்குச் சேப்பு. என் வண்டிக்குப் பத்தொம்பது வருசம் அப்படித்தானுங்க. கொறைஞ்சா போற வழியில கெடைக்கிற போர்வெல் தண்ணி. கலரு வெளுத்தா ரெண்டு மூடி பச்சை."

மேஸ்திரி கையைத் துடைத்தார். "எதுத்த கடையில ஒரு பச்சைக் கலர் வாங்கிட்டு வாங்க."

குருவுக்குத் தாகம் போலும் என்று நினைத்து, சென்னியப்பன் நல்ல ஜில்லென்ற பாட்டிலாகப் பார்த்து வாங்கி வந்தார்.

"ரேடியேட்டர்ல ஊத்துங்க."

"ஏனுங்க, இது குடிக்கிற கலருங்க!"

"பச்சையாத்தான இருக்குது?"

சென்னியப்பன் பாட்டிலைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் தானே குடித்தார்.

"சரிங்க, கலரு கம்பெனிக்காரன் இஷ்டம். நல்லாக் குளிர வைக்கிறது எதுன்னு சொல்லுங்க."

"குளிர வைக்க வெறுந்தண்ணியே போதுமுங்கண்ணா."

"தண்ணியே போதும்னா, தண்ணி ஊத்தின இஞ்சினெல்லாம் எதுனாலதானுங்க சாகுது?"

மேஸ்திரி அவரை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒரு சாக்குப் பொதியை எடுத்து வந்து அவிழ்த்தார். பிஸ்டன் ஏறி இறங்கும் இரும்புக் குழாய், பழைய லைனர்.

"உள்ள தடவுங்க."

"வழுவழுன்னு இருக்குதுங்க."

"தண்ணியில்லாமச் சூடாகி பிஸ்டன் இறுகிப் புடிச்சிருந்தா?"

"கீறல் விழுந்திருக்கும்."

"வெளிய தடவுங்க."

வெளிப்பக்கம் தண்ணீர் நிற்கும் பக்கம். அங்கே எறும்புப் புற்று மாதிரி பொடிப்பொடியாகத் துளைகள். ஒன்று மட்டும் உள்ளே வரை போயிருந்தது.

"இஞ்சின் அடிக்கிற அடியில லைனர் அதிருது. அந்த அதிர்ச்சியில தண்ணியில குமிழி வந்து வெடிக்குது. வெடிச்சு வெடிச்சு இரும்பைத் தின்னுருது. கூலன்ட்ல இருக்கிற மருந்து இரும்பு மேல ஒரு பூச்சு மாதிரி நின்னு காப்பாத்தோணும். போர்வெல் தண்ணியா ஊத்தி ஊத்தி, இந்த லைனர் இருந்த வண்டியில மருந்தே இல்லைங்க."

"தண்ணி?"

"இந்த ஓட்டை வழியா ஆயில்ல எறங்கிருச்சு. ரேடியேட்டரைத் தொறந்து பாத்தவங்களுக்குக் காஞ்ச மாதிரி தெரிஞ்சிருக்கும்."

"எந்த மடையன் வண்டிங்க இது?"

மேஸ்திரி லைனரைத் திருப்பினார். அடியில் வெள்ளைப் பெயின்டில் வண்டி நம்பர் எழுதியிருந்தது. பத்தொன்பது வருடம் சென்னியப்பன் பொட்டு வைத்துக் கும்பிட்ட நம்பர்.

சென்னியப்பன் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"இரும்புக்கடைக்காரர் பிரிக்கிறதுக்கு இங்கதான் கொண்டாந்தாரு" என்றார் மேஸ்திரி.

"மூணு வருசமா உங்ககூடத்தான் இருக்கறேன். ஏனுங்க சொல்லல?"

"மூணு வருசமா இஞ்சினைக் கொன்னது யாருன்னுதான் சொல்லிட்டிருந்தீங்க. இன்னைக்குத்தான் எதுன்னு கேட்டீங்க."

சென்னியப்பன் லைனரின் ஓட்டையை விரலால் தடவியபடி கேட்டார். "மாரப்பனுக்குத் தெரியுமுங்களா?"

"பிரிச்ச அன்னைக்கே கூப்புட்டுக் காட்டிட்டேன். அவரு இப்ப ஓட்டற வண்டியோட முதலாளிகிட்டயும் நாந்தான் சொன்னேன். அதுக்கப்பறந்தான் வேலை குடுத்தாங்க."

"அவன் ஏனுங்க என்னைக் கேக்கல?"

"அண்ணன் வண்டி போன துக்கத்துல இருக்கறாரு, இதையும் இப்ப எதுக்குச் சொல்லோணும்னு போயிட்டாரு."

சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது. அழுக்குத் துணியாலேயே துடைத்துக்கொண்டார்.

பிறகு எழுந்தார். யாரையும் கேட்கவில்லை. இன்ஜினுடன் வந்த புத்தகத்தைப் பிரித்து, கூலன்ட்டுக்கு என்ன நம்பர் போட்டிருக்கிறது என்று விரல் வைத்துப் படித்தார். கேன்களின் பின்பக்க எழுத்தைக் கண்ணாடி போட்டுத் தேடினார். நம்பர் சிவப்புக் கேனில் இருந்தது. ரேடியேட்டரில் மிச்சமிருந்த பழைய பச்சையை, தண்ணீர் தெளியும்வரை நாலு தடவை கழுவி விட்டார். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீரைப் புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் கலந்து ஊற்றினார். ஸ்டார்ட் செய்து காற்றை வெளியேற்றி, குறைந்ததை நிரப்பி, மூடியை முடுக்கினார்.

மேஸ்திரி கேனைத் திருப்பி நம்பரைப் பார்த்தார். தலையசைத்தார்.

"இந்த இஞ்சினு நிக்காதுங்க" என்றார் சென்னியப்பன்.

"நிக்காது."

வாசலில் மாரப்பன் வந்து நின்றார். எதிர்க்கடையில் நாலைந்து டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மாரப்பன் வழக்கம்போல் சென்னியப்பனைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தார்.

சென்னியப்பன் ஒரு கையில் சாவியும் மறுகையில் லைனருமாக நின்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மேஸ்திரி, அவன்கிட்ட எப்படிங்க சொல்றது?"

"அன்னைக்கு ஸ்டாண்டுல எவ்வளவு சத்தமாச் சொன்னீங்களோ, அதே சத்தத்துல சொல்லுங்கண்ணா."